திசுச் சாரக்கட்டு அச்சிட எந்தப் பொருள்? டர்பனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் உயிர்மருத்துவப் பொறியியலும் உயிர்வேதியியலும் படிக்கும் மாணவர்கள், ஆய்வுக்கூட உதவியாளர்கள், கையில் ஒரு முப்பரிமாண அச்சுப்பொறி வைத்துக்கொண்டு "இதில் செய்ய முடியுமா?" என்று யோசிப்பவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. இங்குள்ள அளவுகளைத் தொடக்கத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பொருளின் தொகுதி எண் மாறினால், ஊசி மாறினால், ஏன், அறையின் ஏசி நின்றால்கூட இவற்றைச் சற்று நகர்த்த வேண்டிவரும்.

சாரக்கட்டும் உள்வைப்பும் ஒன்றுதானே?

இல்லை. உள்வைப்பு உடலிலேயே தங்கிவிடும். புளூம்ஃபொன்டைனில் உள்ள மத்தியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அச்சிடும் டைட்டேனியத் தாடைகள் அந்த வகை. 2019இல் பிரிட்டோரியாவின் ஸ்டீவ் பிக்கோ மருத்துவமனையில் அச்சிட்ட நடுச்செவி எலும்புகளைப் பொருத்தியது உலகெங்கும் பேசப்பட்டது. அவையும் கரைந்து மறைவதற்காகச் செய்தவை அல்ல. சாரக்கட்டு என்பது செல்கள் வந்து ஒட்டி, பெருகி, தங்களைச் சுற்றித் தாங்கும் புறப்பொருளைத் தாங்களே சுரக்கும்வரை வடிவத்தைத் தாங்கிவிட்டுப் படிப்படியாகக் கரைய வேண்டியது. அதனால் எவ்வளவு பலம் என்று மட்டும் கேட்டால் போதாது, அந்தப் பலம் எத்தனை மாதம் நிற்கும் என்றும் கேட்க வேண்டும்.

பொருளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பலர் அச்சுப்பொறியில் எது அழகாக வருகிறதோ அதை எடுத்துக்கொண்டு, பிறகு அதற்கேற்ற திசுவைத் தேடுகிறார்கள். அது தலைகீழ் வழி. அச்சிடும் பொருளை மை என்போம். அழகாக அச்சாகும் மை கெட்டியானது, செல்லுக்குப் பிடித்த மை பெரும்பாலும் தளர்வானது. இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கும். முதலில் மூன்று விஷயங்களைத் தாளில் எழுதுங்கள்: திசு எவ்வளவு விறைப்பு, சாரக்கட்டு எத்தனை வாரமோ மாதமோ நிற்க வேண்டும், செல்களை மையோடு கலந்தே அச்சிடப் போகிறீர்களா அல்லது அச்சிட்டபின் விதைக்கப் போகிறீர்களா.

எலும்பு என்றால் பிசிஎல் (பாலிகாப்ரோலாக்டோன்), பிஎல்ஏ (பாலிலாக்டிக் அமிலம்) போன்ற உருகும் பாலிமர்கள், அவற்றோடு பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட் அல்லது ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற பீங்கான் பொடி. தோல், குருத்தெலும்பு, கல்லீரல் மாதிரிகளுக்கு ஆல்ஜினேட், ஜெலட்டின், ஒளியால் இறுகும்படி மாற்றிய ஜெலட்டினான ஜெல்மா, கொலாஜன் போன்ற நீர்க்கூழ்கள். செல்களைக் கலந்து அச்சிடுவதானால் 100 டிகிரிப் பக்கம் சூடாக்கி அச்சிடும் பிளாஸ்டிக்குக்கு இடமே இல்லை, நீர்க்கூழ்தான். இரண்டும் வேண்டுமென்றால் பிசிஎல் சட்டகத்தை முதலில் போட்டு, இடைவெளியில் கூழை நிரப்பலாம். அதற்கு இரண்டு தலையுள்ள அச்சுப்பொறி தேவை.

முதன்முதலாகத் தொடங்க எது லேசு?

பிசிஎல். சுமார் 60 டிகிரி செல்சியஸில் உருகும். 80 முதல் 110 டிகிரிக்குள் ஒழுங்காக ஓடும். பிஎல்ஏ அளவுக்கு ஈரத்துக்குப் பயப்படாது. உடலுக்குள் இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் நிற்கும். பிசிஎல்லில் அச்சிட்ட மண்டையோட்டுச் சாரக்கட்டுகளுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2006இலேயே அனுமதி கொடுத்துவிட்டது. குறை என்னவென்றால் அது தண்ணீரை வெறுக்கும். அதற்கு என்ன செய்வது என்பதைக் கீழே பார்க்கலாம்.

சராசரி மூலக்கூறு எடை 50,000 முதல் 80,000 வரையுள்ள, மருத்துவத் தரக் குருணைகளை வாங்குங்கள். எடை கூடக்கூடப் பலம் கூடும், ஆனால் ஊசி வழியே தள்ளுவதற்கு அழுத்தமும் கூடும்.

பிசிஎல்லுக்கு அமைப்புகள் என்ன?

காற்றழுத்தத்தால் தள்ளும் அச்சுப்பொறியில், உலோகக் குப்பியில், இப்படித் தொடங்கலாம்: குப்பி வெப்பம் 100 டிகிரி, அழுத்தம் 5 முதல் 6 பார், ஊசி 22 கேஜ், அதாவது உள்விட்டம் சுமார் 0.4 மிமீ, தலை நகரும் வேகம் நொடிக்கு 2 மிமீ. அடுக்கின் உயரம் 0.32 மிமீ. ஊசி விட்டத்தில் 80 சதவீதம் வைத்தால்தான் மேல் இழை கீழ் இழையோடு பற்றும். ஒரு அடுக்கு குறுக்கே, அடுத்தது நெடுக்கே. இழைகளின் மையத்துக்கு மையம் 0.8 மிமீ.

குருணையைக் கொட்டியவுடன் அச்சிட ஆரம்பித்துவிடாதீர்கள். உருகியபின் 30 முதல் 60 நிமிடம் அதே வெப்பத்தில் விட்டால் சிக்கிய காற்று மேலே வந்துவிடும். அதைச் செய்யாவிட்டால் இழை நடுவே வெடித்து அறுந்து, அந்த இடத்தில் மேல் அடுக்கு தொய்ந்து கிடக்கும். அதற்காக நாள் முழுக்கச் சூட்டில் வைத்திருப்பதும் தவறு. மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்து, காலையில் 5 பாரில் வந்த இழை மாலையில் அதே அழுத்தத்தில் தடித்து வழியும்.

சரியாக வந்ததா என்று பார்க்க நுண்ணோக்கிக்கு முன்னால் தராசைத் தேடுங்கள். மேலே சொன்ன அளவில் 10 × 10 × 3.2 மிமீ துண்டு ஒன்று அச்சிட்டால் பத்து அடுக்கு வரும். கணக்குப்படி துளைப்பங்கு, அதாவது துண்டின் கனஅளவில் வெற்றிடத்தின் பங்கு, சுமார் 51 சதவீதம். பிசிஎல் அடர்த்தி கன செமீக்கு 1.145 கிராம் என்பதால் துண்டின் எடை 0.18 கிராம் பக்கம் நிற்க வேண்டும். அதே துண்டு 0.22 கிராம் காட்டினால் இழை தடித்துவிட்டது, துளைப்பங்கு 40 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். அழுத்தத்தைக் குறையுங்கள், அல்லது வேகத்தைக் கூட்டுங்கள். தினமும் முதல் துண்டை நிறுத்துப் பார்ப்பது, பின்னால் வரும் பல தகராறுகளை மிச்சப்படுத்தும்.

செல்கள் பிசிஎல்லில் ஒட்டவே மாட்டேன் என்கின்றன. சாரக்கட்டு செல் வளர்ப்பு ஊடகத்தில் மிதக்கிறது. என்ன செய்வது?

மிதப்பதற்குக் காரணம் துளைகளுக்குள் சிக்கிய காற்று. தண்ணீரை வெறுக்கும் மேற்பரப்பு அந்தக் காற்றை விடாது. முதலில் 70 சதவீத எத்தனாலில் அமிழ்த்துங்கள், அது துளைக்குள் புகுந்துவிடும். பிறகு எத்தனால் காயவிடாமல் பிபிஎஸ் என்ற பாஸ்பேட் உப்புக் கரைசலால் மூன்று தடவை மாற்றிக் கழுவுங்கள். இடையில் காய்ந்தால் காற்று மறுபடி உள்ளே போய்விடும்.

ஒட்டுவதற்கு, 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில், அதாவது 100 மில்லிக்கு 4 கிராம், அறை வெப்பத்தில் 12 முதல் 24 மணி நேரம் ஊறவைக்கலாம். மேற்பரப்பில் எஸ்டர் பிணைப்புகள் உடைந்து நீர்விரும்பும் முனைகள் வெளிவரும், இழை சற்றுச் சொரசொரப்பாகும். பிஎச் நடுநிலைக்கு வரும்வரை கழுவ வேண்டும். அவசரப்பட்டு இரண்டு முறை மட்டும் அலசிவிட்டு, மறுநாள் செல்கள் செத்துக் கிடப்பதற்குப் பொருளைக் குறை சொல்வதில் பயனில்லை. ஊறவைப்பதற்கு முன்னும் பின்னும் காய்ந்த எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். எடை குறிப்பிடத்தக்க அளவு இறங்கினால் நேரம் அதிகமாகிவிட்டது.

டர்பன் ஈரப்பதம் பிஎல்ஏவையும் பிஎல்ஜிஏவையும் பாதிக்குமா?

நன்றாகவே பாதிக்கும். கோடை மாதங்களில் கடலோரத்தில் காற்று எப்படிப் பிசுபிசுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பிஎல்ஏ அந்த ஈரத்தை உறிஞ்சும். 200 டிகிரியில் நாசிலுக்குள், அதாவது அச்சு முனைக்குள், போகும்போது அந்தத் தண்ணீர் பாலிமரை வெட்டும். வெளியே தெரியும் அறிகுறிகள்: படபடவென்று பொரியும் ஓசை, இழையில் குமிழி, மேற்பரப்பில் மங்கல், நின்ற பிறகும் ஒழுகும் நாசில். வெளியே தெரியாத விளைவுதான் மோசம். மூலக்கூறு எடை குறைந்த பிஎல்ஏ உடலுக்குள் எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே உடையும்.

50 டிகிரியில் 4 முதல் 6 மணி நேரம் காற்றோட்ட அடுப்பிலோ வெற்றிட அடுப்பிலோ உலர்த்துங்கள். 60 டிகிரியைத் தொட்டால் பிஎல்ஏ இளகி இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உலர்ந்ததைச் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வைத்து அங்கிருந்தே அச்சுப்பொறிக்கு விடுவது நல்லது.

பிஎல்ஜிஏ இன்னும் தொட்டாற்சிணுங்கி. லாக்டைடும் கிளைகோலைடும் சேர்ந்த பாலிமர் அது. இரண்டும் 50:50 உள்ளது உடலில் ஓரிரு மாதத்தில் கரையும், 85:15 ஐந்தாறு மாதம் தாங்கும். இதைக் கழித்தல் 20 டிகிரி உறைபெட்டியில் வைத்திருப்பீர்கள். எடுத்தவுடன் பையைத் திறந்தால் டர்பன் காற்று குளிர்ந்த குருணைமேல் பனித்துளியாகப் படியும். பை அறை வெப்பத்துக்கு வரும்வரை, குறைந்தது ஒரு மணி நேரம், மூடியே வைத்திருங்கள். முழுப் பையை ஒவ்வொரு தடவையும் வெளியே எடுக்காமல், வாங்கிய அன்றே 5 கிராம் 5 கிராமாகப் பிரித்து முத்திரையிட்டுவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

கடையில் விற்கும் பிஎல்ஏ கம்பிச் சுருளைப் பயன்படுத்தலாமா?

வடிவத்தைப் பார்க்க, அச்சுப் பாதையைச் சரிபார்க்க, வகுப்பில் காட்ட, தாராளமாக. செல்லோடு சேர்க்க வேண்டாம். நிறமிகள், மென்மையாக்கிகள், ஓட்டத்தைச் சரிசெய்யும் சேர்மானங்கள் என்னென்ன என்பதை உற்பத்தியாளர் முழுதாகச் சொல்வதில்லை. நிறமில்லாத சுருளாக இருந்தாலும் சரி. அதோடு, அந்தப் பித்தளை நாசில் வழியே முன்பு என்னென்ன போயிற்று என்பதையும் யோசியுங்கள். ஆய்வுக்குத் தனியாகத் துருப்பிடிக்காத எஃகு நாசில் வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டு ரெசின் அச்சுப்பொறியில் நுணுக்கமாக வருகிறதே?

வரும். ஆனால் சாதாரண ரெசினில் வினையாகாமல் மிச்சமிருக்கும் மோனோமர் நாள்கணக்கில் கசிந்து செல்களைக் கொல்லும். ஆல்கஹாலில் கழுவி, மேலும் ஒளி காட்டினாலும் முழுக்கப் போகாது. வார்ப்பு அச்சு செய்ய ரெசினைப் பயன்படுத்தி, அதில் வேறு பொருளை ஊற்றி எடுக்கும் வழி உண்டு. அப்போதும் அச்சுக்கும் கூழுக்கும் இடையே ஒரு தடுப்புப் பூச்சு இருக்கட்டும்.

ஆல்ஜினேட்–ஜெலட்டின் மை எப்படித் தயாரிப்பது?

ஆல்ஜினேட் பழுப்புக் கடற்பாசியிலிருந்து வருவது. நம் மேற்குக் கடற்கரையில் காடாக வளரும் எக்லோனியா மாக்ஸிமா பாசியிலும் அது உண்டு. கடையில் வாங்கும்போது தூய்மைப்படுத்திய, நச்சுக்கூறு குறைந்த வகையைக் கேளுங்கள். உணவுத் தர ஆல்ஜினேட் பயிற்சிக்குப் போதும்.

10 மில்லி மைக்கு ஆல்ஜினேட் 0.4 கிராம், ஜெலட்டின் 0.6 கிராம். கால்சியம் இல்லாத, பிஎச்சை நிலையாக வைக்கும் தாங்கல் உப்புக் கரைசலை 50 டிகிரிக்குச் சூடாக்கி, முதலில் ஜெலட்டினை இட்டுத் தெளியும்வரை கிளறுங்கள். பிறகு காந்தக் கிளறியை வேகமாகச் சுழலவிட்டு, ஆல்ஜினேட்டைச் சிட்டிகை சிட்டிகையாகச் சுழியின் ஓரத்தில் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் வெளியே பிசினும் உள்ளே மாவுமாகக் கட்டி தட்டும். அந்தக் கட்டியை எத்தனை மணி நேரம் கிளறினாலும் கரைப்பது பெரும்பாடு. குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள கால்சியமே மையை முன்கூட்டி இறுகச் செய்யும். எல்லாம் கரைந்தபின் 37 டிகிரியில் மையவிலக்கியில் சில நிமிடம் சுற்றினால் குமிழி போய்விடும்.

ஊசிக்குழாயில் நிரப்பி 22 முதல் 25 டிகிரியில் அரை மணி நேரம் விடுங்கள். ஜெலட்டின் இறுகத் தொடங்கும். இந்தக் காத்திருப்பில்தான் எல்லாம் இருக்கிறது. ஊசி முனையைப் பாருங்கள்: உருண்டு திரண்ட துளி தொங்கினால் இன்னும் இறுகவில்லை. வழவழப்பான ஒரே நூலாகக் கீழே இறங்கினால் அச்சிடலாம். நூல் சுருண்டு, சொரசொரத்து, துண்டு துண்டாக வந்தால் அளவுக்கு மீறி இறுகிவிட்டது, ஓரிரு டிகிரி சூட்டை ஏற்றுங்கள். ஜெலட்டின் நிற்க நிற்க இறுகிக்கொண்டே போகும் என்பதால் பத்தாவது நிமிடத்தில் அச்சிட்டதும் அறுபதாவது நிமிடத்தில் அச்சிட்டதும் ஒரே பொருள் ஆகாது. ஒப்பிட வேண்டிய மாதிரிகளை ஒரே கால இடைவெளிக்குள் முடித்துவிடுங்கள்.

25 கேஜ் கூம்பு வடிவ பிளாஸ்டிக் முனை, 40 கிலோபாஸ்கலில் தொடங்கி மெதுவாக ஏற்றும் அழுத்தம், நொடிக்கு 5 முதல் 10 மிமீ வேகம். அச்சிட்டபின் 100 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு கரைசலில் 5 முதல் 10 நிமிடம் ஊறவைத்து ஆல்ஜினேட்டை இறுக்குங்கள். இருநீர்ப் படிகமாக வாங்கினால் 100 மில்லிக்கு 1.47 கிராம். நீரற்றதானால் 1.11 கிராம். புட்டியின் மேல் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள், இந்த இடத்தில் பலரும் சறுக்குகிறார்கள்.

அச்சின் தரத்தை எண்ணால் சொல்ல முடியுமா?

முடியும். கட்டம் கட்டமாக இரண்டு அடுக்கு அச்சிட்டு மேலிருந்து படமெடுங்கள். ஒரு துளையின் சுற்றளவை வர்க்கமாக்கி, அதை அத்துளையின் பரப்பின் 16 மடங்கால் வகுங்கள். கச்சிதமான சதுரமானால் விடை 1. மூலை மழுங்கி வட்டமாகப் போனால் 1க்குக் கீழே, அதாவது மை தளர்வு. ஓரம் கோணலும் மாணலுமானால் 1க்கு மேலே, அதாவது மை இறுகல். 0.9 முதல் 1.1 வரை ஏற்கலாம். ஆனால் இந்த எண் மையின் ஒழுங்கைத்தான் சொல்கிறது, செல்லின் நலத்தைச் சொல்வதில்லை.

ஆல்ஜினேட் சாரக்கட்டு இரண்டு நாளில் கரைந்துவிட்டது. ஏன்?

பெரும்பாலும் பிபிஎஸ்ஸில் வைத்திருப்பீர்கள். அதிலுள்ள பாஸ்பேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், சோடியம் அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். கரைசல் லேசாகப் பால்போல் கலங்கினால் அதுதான் அடையாளம். கழுவுவதற்கு, பாஸ்பேட் இல்லாத ஹெபிஸ் என்ற தாங்கலில் 2 மில்லிமோலார் கால்சியம் சேர்த்த உப்புக் கரைசல் நல்லது. டிஎம்இஎம் என்ற செல் வளர்ப்பு ஊடகத்தில் ஏற்கெனவே 1.8 மில்லிமோலார் கால்சியம் உண்டு, ஆகவே அதில் அழிவு மெதுவாகும், நிற்காது. கூடுதல் கால்சியம் கொட்டினால் எலும்புச் செல்களின் நடத்தையே மாறிவிடலாம்.

இன்னொன்று. 37 டிகிரியில் குறுக்கிணைக்காத, அதாவது சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்காத, ஜெலட்டின் உருகி வெளியேறும். ஆல்ஜினேட்டில் செல் பிடித்துக்கொள்ளக் கொக்கி எதுவும் கிடையாது, பிடிப்பு முழுவதும் ஜெலட்டினால் வந்தது. முதல் நாள் நன்றாக ஒட்டிய செல்கள் நான்காம் நாள் உருண்டு கிடப்பதன் காரணம் இதுவாக இருக்கலாம். நீண்ட வளர்ப்புக்கு செல் பிடித்துக்கொள்ளும் ஆர்ஜிடி என்ற புரதத் துண்டு இணைத்த ஆல்ஜினேட், இல்லையென்றால் ஜெல்மா.

ஜெலட்டின் மாட்டிலிருந்தா, பன்றியிலிருந்தா? வீட்டில் கேட்கிறார்கள்.

நம் ஊரில் இது நியாயமான கேள்வி. காவடி விரதத்தில் இருக்கும் பிள்ளையும் ஹலால் பார்க்கும் பக்கத்து மேசைத் தோழியும் ஒரே புட்டியைத்தான் திறக்கிறார்கள். ஏ வகை பெரும்பாலும் பன்றித் தோலிலிருந்து அமில வழியில் எடுப்பது. பி வகை மாட்டுத் தோல், எலும்பிலிருந்து கார வழியில். ஆய்வுக் கட்டுரைகளில் வரும் ஜெல்மா செய்முறைகளில் மிகுதியானவை 300 புளூம் (கூழின் இறுக்க வலிமை அளவு) ஏ வகையை வைத்தே எழுதப்பட்டவை. மாற்றினால் மின்னூட்டமும் இறுகும் தன்மையும் மாறும். குளிர்நீர் மீன் ஜெலட்டின் இரண்டு சங்கடத்தையும் தீர்க்கும், ஆனால் அது 10 டிகிரிக்குக் கீழேதான் இறுகும். ஆகவே அறை வெப்பத்தில் இழையாக நிற்காது, ஒளியால் இறுக்கும் வகையாகச் செய்து வார்ப்பதற்குத்தான் சரி.

முழுக்க விலங்குப் பொருள் வேண்டாம் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஊடகத்தில் போடும் எஃப்பிஎஸ் கன்றின் குருதிநீர், செல்லைப் பிரிக்கும் ட்ரிப்ஸின் பன்றியின் கணையம். மனிதத் தட்டணுச் சாறு, நுண்ணுயிர் வழி செய்த நொதிகள் ஆகிய மாற்றுகள் உண்டு, விலைதான் கூடுதல். யாரையும் கட்டாயப்படுத்தாமல், புட்டியில் மூலத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒட்டிவைத்தால் போதும். அவரவர் முடிவு செய்துகொள்வார்கள்.

ஜெல்மாவை நாமே செய்யலாமா?

செய்யலாம், பொறுமை இருந்தால். ஜெலட்டினை 10 சதவீதம் பிபிஎஸ்ஸில் 50 டிகிரியில் கரைத்து, ஒரு கிராமுக்குச் சுமார் 0.6 கிராம் மெத்தாக்ரிலிக் அன்ஹைட்ரைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு, 1 முதல் 3 மணி நேரம் வேகமாகக் கிளற வேண்டும். அந்தத் திரவம் நச்சு, புகை உறிஞ்சும் பெட்டிக்குள்தான் வேலை. பிறகு 12 முதல் 14 கிலோடால்டன் சவ்வுப்பையில் 40 டிகிரித் தண்ணீரில் ஐந்து முதல் ஏழு நாள், தினம் இருமுறை தண்ணீர் மாற்றி, உறைய வைத்து உலர்த்த வேண்டும். மெத்தாக்ரிலிக் அமிலத்தின் காரநெடி மிச்சமிருந்தால் சவ்வுப்பிரிப்பு முடியவில்லை.

அச்சிட 5 முதல் 10 சதவீதக் கரைசல், லாப் என்ற ஒளித்தூண்டி 0.25 சதவீதம், 405 நானோமீட்டர் ஒளி, 30 முதல் 60 நொடி. குழாயை அலுமினியத் தாளால் சுற்றுங்கள். வெயில் அடிக்கும் ஜன்னலோரம் வைத்த புட்டி தானாகவே இறுகிவிடும். மேற்பரப்பு மட்டும் பிசுக்கென்று நின்றால் காற்றின் ஆக்சிஜன் வினையைத் தடுத்திருக்கிறது. நைட்ரஜன் ஓட்டமோ, மேலே ஒரு கண்ணாடித் தகடோ உதவும். ஒளியை மேலும் மேலும் கூட்டுவது கடைசி வழி, தூண்டியிலிருந்து வரும் தனியுறுப்புகள், அதாவது எதனோடும் வினைபுரியத் துடிக்கும் மூலக்கூறுத் துண்டுகள், செல்லைத் தாக்கும்.

பீங்கான் கலந்தால் ஊசி அடைத்துக்கொள்கிறது.

துகள் ஊசி விட்டத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. 0.4 மிமீ ஊசிக்கு 40 மைக்ரான் உச்சம், அதற்கும் கீழே இருந்தால் நிம்மதி. சலித்த பின்னும் அடைத்தால் துகள்கள் உள்ளே ஒன்றுசேர்ந்து கட்டியாகின்றன. பிசிஎல்லோடு எடையில் 20 சதவீதம் பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட் என்பது நன்றாகச் சோதிக்கப்பட்ட கலவை. குளோரோஃபார்மில் கரைத்துக் கலப்பது சீராக வரும், ஆனால் மிச்சக் கரைப்பான் செல்லுக்கு விஷம், வெற்றிடத்தில் நாள்கணக்கில் உலர்த்த வேண்டும். உருக்கிக் கலப்பதே மேல் என்பது எங்கள் கருத்து.

பீங்கானை மட்டும் அச்சிட்டுச் சூளையில் சுடுவதானால் 1125 டிகிரிக்கு மேல் பீட்டா வகை ஆல்ஃபாவாக மாறிவிடும் என்பதை மறக்க வேண்டாம், ஆல்ஃபா சீக்கிரம் கரையும். சுடும்போது 15 முதல் 25 சதவீதம் சுருங்கும். முதலில் ஒரு கட்டை சுட்டு உங்கள் சூளையின் சுருக்கத்தை அளந்துகொண்டு, வடிவத்தை அந்த அளவுக்குப் பெரிதாக்குங்கள்.

துளை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

எலும்புக்கு 300 முதல் 500 மைக்ரான். 100க்குக் கீழே இரத்தக்குழாய் நுழையத் திணறும். துளைகள் ஒன்றோடொன்று திறந்திருப்பது அளவைவிட முக்கியம். நீர்க்கூழில் வேறு கணக்கு: ஊட்டம் கிடைக்கும் பரப்பிலிருந்து 100 முதல் 200 மைக்ரானுக்கு அப்பால் உள்ள செல் ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கும். ஒரு செமீ கனத்தில் கெட்டியாக அச்சிட்ட கூழின் நடுப்பகுதி சாவது அதனால்தான். கால்வாய் வேண்டுமென்றால் புளூரானிக் எஃப்127 என்ற தியாக மையை 30 முதல் 40 சதவீதத்தில் அச்சிட்டு, சுற்றிலும் கூழை இறுக்கிவிட்டு, 4 டிகிரியில் குளிரவைத்தால் அது நீராகி வழிந்து ஓடிவிடும்.

கிருமி நீக்கத்துக்கு ஆட்டோகிளேவ் போதுமா?

பிசிஎல்லை 121 டிகிரியில் வைத்தால் உருகிக் குட்டையாகத் தேங்கிக் கிடக்கும். பிஎல்ஏ கோணும், நீராவியில் சங்கிலியும் அறும். இவற்றுக்கு 70 சதவீத எத்தனால் ஒரு மணி நேரம், பின் ஒவ்வொரு பக்கமும் அரை மணி புறஊதா ஒளி. இது ஆய்வுக்கூட வளர்ப்புக்கு மட்டும், விலங்குக்கோ மனிதருக்கோ போவதானால் எத்திலீன் ஆக்சைடு அல்லது 25 கிலோகிரே காமா கதிர். காமாவுக்குப் பிறகு மூலக்கூறு எடையை மறுபடி அளக்க வேண்டும். ஆல்ஜினேட் ஆட்டோகிளேவில் நீர்த்துப்போகும். 1 சதவீதக் கரைசலாக 0.22 மைக்ரான் வடிகட்டியில் விட்டு, உறைய உலர்த்தி, மறுபடி கெட்டியாகக் கரைப்பது பாதுகாப்பான வழி.

செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று எப்படி நம்பிச் சொல்வது?

விதைக்கும்போதே பிழை தொடங்குகிறது. செல் கலந்த ஊடகத்தை ஊற்றினால் பாதிக்கு மேல் துளை வழியே கீழே விழுந்து தட்டில் ஒட்டும். அடர்த்தியான கலவையை 20 மைக்ரோலிட்டர் சொட்டுகளாக வைத்து, ஒன்று இரண்டு மணி நேரம் கழித்து ஊடகம் ஊற்றுங்கள். ஒட்டாத வகைத் தட்டு பயன்படுத்துங்கள். அளப்பதற்கு முன் சாரக்கட்டைப் புதிய குழிக்கு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் தட்டின் அடியில் வளர்ந்த செல்களின் கணக்கையும் சேர்த்தே எழுதுவீர்கள்.

செல்லின் உயிர்ப்பை நிறத்தால் காட்டும் எம்டிடி சோதனையில் ஊதாப் படிகம் துளைக்குள் சிக்கும். கரைந்தே நிற்கும் சாயமான ஆலமார் நீலம் இதற்கு ஒத்துவரும். செல் இல்லாத சாரக்கட்டு ஒன்றையும் கட்டாயம் சேர்த்து அளவிடுங்கள். ஐஎஸ்ஓ 10993-5 தரப்படி உயிர்ப்பு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் செல்நச்சு வாய்ப்பு உண்டு. பொருளை ஊடகத்தில் ஊறவைத்து, சோதனைக்கான சாறு எடுக்கும்போது 0.5 மிமீக்கு மேல் கனமான பொருளுக்கு ஒரு மில்லிக்கு 3 சதுர செமீ, அதற்கு மெல்லியதானால் 6 சதுர செமீ.

மையோடு கலந்த செல்கள் அச்சிட்டவுடன் சாகின்றன என்றால் ஊசியில்தான் சிக்கல். நீண்ட உலோக ஊசியைவிடக் கூம்பு முனைக்கு அழுத்தம் குறைவாகப் போதும். அச்சிடாத அதே மையில் உள்ள செல்களோடு ஒப்பிட்டால் குற்றவாளி மையா, ஊசியா என்று தெரிந்துவிடும்.

நடுவில் கரண்ட் போனால்?

லோட் ஷெடிங் குறைந்திருக்கலாம், ஆனால் கேபிள் திருட்டும் மழையும் போகவில்லை. பிசிஎல் ஊசிக்குள் சில நிமிடத்தில் உறையும். தலை தன் இடத்தை மறக்கும். மறுபடி தொடங்கினால் அந்த அடுக்கில் ஒரு பலவீனமான வரி தங்கும், அங்கேதான் அழுத்தச் சோதனையில் உடையும். அத்தகைய துண்டைப் பரிசோதனைக்கு எடுக்காதீர்கள்.

அச்சுப்பொறியும் கணினியும் சேர்ந்து 150 வாட் என்றால் இரண்டரை மணி நேர மின்வெட்டுக்கு 375 வாட்-மணி. 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி ஈய மின்கலத்தில் பாதியளவு, அதாவது 600 வாட்-மணிவரைதான் எடுக்கலாம் என்று வைத்தாலும், இன்வெர்ட்டர் இழப்பு போக அது தாங்கும். சின்ன யுபிஎஸ் சில நிமிடத்துக்குத்தான். செல் வளர்ப்புப் பெட்டியைத் தனி மின்கலத்தில் வையுங்கள், அச்சுப்பொறியோடு பங்கு போட வேண்டாம். மின்சாரம் இல்லாதபோது அதன் கதவைத் திறக்காமல் இருப்பதே பெரிய உதவி.

என்ன அனுமதிகள் வேண்டும்?

மனிதத் திசுவோ மனிதரிடமிருந்து எடுத்த செல்லோ என்றால் 2003ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரச் சட்டத்தின் எட்டாம் அத்தியாயமும், உங்கள் நிறுவனத்தின் பதிவுபெற்ற நெறிமுறைக் குழுவும். விலங்குப் பொருளை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க, 1984ஆம் ஆண்டின் விலங்கு நோய்கள் சட்டப்படி இறக்குமதி அனுமதி. கொலாஜன் புட்டி விமான நிலையத்தில் வெயிலில் கிடந்து கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் இந்தத் தாள் இல்லாததே காரணம். ஆர்டர் போடும் முன்பே விண்ணப்பியுங்கள். நோயாளிக்குப் பொருத்தும் சாதனமாக்கும் எண்ணமிருந்தால் சாப்ரா என்ற மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம்.

மிச்சம் வந்த மையை வைத்திருக்கலாமா?

செல் கலக்காத ஆல்ஜினேட்–ஜெலட்டின் மை 4 டிகிரியில் மூடி ஒரு வாரம் தாங்கும். அச்சிடும் முன் 37 டிகிரியில் முழுக்க உருக்கி, மறுபடி அந்த அரை மணி நேரக் காத்திருப்பைத் தொடங்க வேண்டும். ஜெல்மா பொடியாக உறைபெட்டியில் மாதக்கணக்கில் இருக்கும், ஒளித்தூண்டி சேர்த்த கரைசலை அன்றே தீர்த்துவிடுங்கள். செல் கலந்தது மிச்சப்பட்டால் சேமிப்பு கிடையாது: 10 சதவீத ப்ளீச்சில் அரை மணி நேரம் போட்டுவிட்டு உயிரிக்கழிவுச் சிவப்புப் பையில் போடுங்கள். ப்ளீச் ஊற்றிய எதையும் ஆட்டோகிளேவில் ஏற்ற வேண்டாம், குளோரின் வாயு வரும்.